சட்டைப் பையில் ஒரு பட்டறை

(கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது; சட்டைப் பையில் அடங்கிவிடக் கூடியது. கத்தி, குறடு, திருப்புளி, அரம், ஊசி ஆகிய பலவும் ஒரே பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் கருவியொன்று இப்பொழுது நம் கடைவீதிகளில் விற்பனைக்கு வந்திருக்கிறது. கைப்பேசியில் விளம்பரம் கண்டு, அஞ்சல் வழியாக வரவழைத்துக்கொள்ளும் இளைஞர்களும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். "இது ஒன்று பையில் இருந்தால் வேறு கருவியே வேண்டாம்" என்று சிலர் சொல்லுகிறார்கள். "இது பட்டணத்தார் விளையாட்டுச் சாமான், குடியானவனுக்கு அரிவாளும் மண்வெட்டியும் போதும்" என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். இவ்விரண்டில் எது சரி? அன்றாடம் இதைச் சுமந்து திரிவதால் நமக்குப் பயன் உண்டா? இதையே இன்று சேர்ந்து ஆராய்வோம்.

சிறிய பொருள் என்று இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உழவுத் தொழில் செய்கிறவனுடைய நேரத்தில் எவ்வளவு பகுதி கருவியைத் தேடுவதிலும், எடுத்துவர வீட்டுக்கு நடப்பதிலும், அண்டை வீட்டில் இரவல் கேட்பதிலும் கழிகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். பொருந்தாத கருவியைக் கையாண்டு விரலை இழந்தவர்களும், மின்சாரத்திற்குப் பலியானவர்களும் உண்டு. ஆகவே, எந்தக் கருவி எங்கே இருக்க வேண்டும் என்பது நேரத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உயிரைப் பற்றிய கேள்வியுமாகும்.

இது எங்கிருந்து வந்தது?

ஸ்விட்சர்லாந்து தேசத்தில் இபாக் என்னும் ஊரில் கார்ல் எல்செனர் என்பவர் 1884-ஆம் ஆண்டில் கத்தி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அந்நாட்டுப் படைவீரர்களுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. தகரத்தில் அடைத்த உணவைத் திறக்க வேண்டும்; துப்பாக்கியைத் திருகு கழற்றித் துடைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும், ரொட்டி அறுப்பதற்குமாகச் சேர்த்து அமைந்த மடக்குக் கத்தியை 1891-ஆம் ஆண்டு முதல் எல்செனர் ராணுவத்திற்கு வழங்கலானார். குறடு சேர்ந்த கருவி அதற்கு மிகவும் பிற்பட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த டிம் லெதர்மன் என்பவர் 1975-ஆம் ஆண்டில் பழைய கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றிவந்தபோது, வண்டி அடிக்கடி பழுதாகியது. பையில் கத்தி இருந்தது. ஆனால் குறடு இல்லை. அந்தக் குறையை நினைந்து பல ஆண்டுகள் முயன்று, குறடும் கத்தியும் ஒன்றாக மடங்கும் கருவியை 1983-ஆம் ஆண்டில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இரண்டு கருவிகளுமே, தமது பெட்டியையும் பட்டறையையும் விட்டு நெடுந்தூரம் சென்ற மனிதர்களுக்காகப் பிறந்தவை. படைவீரன் பாசறையை விட்டுப் போகிறான். பிரயாணி வீட்டை விட்டுப் போகிறான். பட்டறையிலேயே இருந்து வேலை செய்கிறவன் இத்தகைய கருவியை நாடவில்லை.

நம் முன்னோர் சுமந்தவை

இந்த யோசனை நமக்குப் புதியதுமன்று. ஓலையில் எழுதிவந்த காலத்தில் நம் நாட்டில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று வழங்கியது. அதன் ஒரு புறம் எழுத்தாணி; மறு புறம் ஓலையை வாரவும் நறுக்கவும் பயன்படும் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். கத்தியும் எழுத்தாணியும் ஏன் ஒன்றாயின? ஓலையை நறுக்குகிறவனும் அவனே, அதில் எழுதுகிறவனும் அவனே. ஒரு வேலை முடிந்த கணத்தில் மறு வேலை தொடங்குகிறது. ஆகவே இரண்டும் ஒரு பிடியில் சேர்ந்தன.

முள்வாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் தைத்த முள்ளை எடுக்கும் சிறு இடுக்கியும், காதுக் குறும்பியை வாங்கும் சிறு கரண்டியும் ஒரே வளையத்தில் கோத்து அரைஞாணில் தொங்கவிட்டுக்கொள்வது நம் பெரியவர்களின் வழக்கம். செருப்பில்லாமல் காட்டிலும் கரம்பிலும் நடந்தவர்களுக்கு அது எத்தனை அவசியமாயிருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலைச் சுருக்குப்பையில் பாக்குவெட்டி இருந்தது. பனையேறும் தொழிலாளி பாளை அரிவாளைப் பெட்டியிலிட்டு இடுப்பில் கட்டிக்கொண்டே மரமேறினார். ஏனெனில், மரத்தின் உச்சியில் இருக்கும்போது மறந்துவிட்ட கருவிக்காகக் கீழே இறங்கி ஏறுவது எளிதன்று.

இவற்றிலிருந்து நாம் மூன்று விதிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, நம்மோடு எப்போதும் இருக்க வேண்டிய கருவி, நாம் அடிக்கடி செய்யும் வேலைக்கு உரியதாக இருக்க வேண்டும். இரண்டாவது, கருவிப் பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குப் பையிலுள்ள கருவியின் மதிப்பு உயரும். மூன்றாவது, பல கருவிகளை ஒன்றாக்கும்போது ஒவ்வொன்றும் சிறிது வலிமை குறையும். அந்தக் குறை ஆபத்தைத் தராத வேலைகளுக்கே அதைக் கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் உரைகல்லாக வைத்து, நம் வட்டாரத்து வேலைகளை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

கழனியில் எதற்கு உதவும்?

நம் மாவட்டத்தில் கரும்பு முக்கியமான பயிர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நம்பிப் பல குடும்பங்கள் பயிர் செய்கின்றன. கரும்புக்குப் பகையான நோய்களில் செவ்வழுகல் கொடியது. தோகை மஞ்சளித்து வாடிய கரும்பு ஒன்றைக் கண்டால், அதை நீளவாட்டில் பிளந்து பார்க்க வேண்டும். உட்சோறு சிவந்து, அந்தச் சிவப்பின் குறுக்கே வெண்மையான திட்டுகள் தெரிந்து, புளித்த சாராய வாடை வீசினால் அது செவ்வழுகல்தான். அந்த வயலிலிருந்து விதைக்கரணை எடுக்கலாகாது; நோயுற்ற தூரை வேரோடு அகழ்ந்து அழிக்க வேண்டும்.

இந்தச் சோதனையைச் செய்ய வேண்டிய இடம் வயலின் நடு. செய்ய வேண்டிய நேரம், சந்தேகம் தோன்றிய அந்த நேரம். "அப்புறம் கத்தி கொண்டுவந்து பார்ப்போம்" என்று வரப்பேறியவர், மறுநாள் அந்தத் தூரைக் கண்டுபிடிப்பது அரிது. இங்கே பையில் ஒரு மடக்குக் கத்தி இருப்பது, ஒரு பருவத்து வெள்ளாமையைக் காக்கக் கூடும். ஆனால், பிளந்த கத்தியைத் துடைத்துக் கிருமிநாசினிக் கரைசலில் நனைத்த பிறகே அடுத்த கரும்பைத் தொட வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கும் கத்தியே நோயைப் பரப்பும் கத்தியாகிவிடக் கூடாது.

சொட்டுநீர்ப் பாசனம் நம் பக்கத்தில் பெருகிவருகிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் தரும் திட்டத்தினால் இது பரவியது. குழாய் போட்டபின் அதைப் பேணுவது விவசாயியின் பொறுப்பு. பக்கக் குழாயை எலியோ அணிலோ கடித்துவிட்டால், கடிபட்ட பகுதியை நேராக அறுத்தெடுத்து, இணைப்பானைச் செருக வேண்டும். கோணலாக அறுத்தால் கசியும். கூரிய சிறு கத்தியும், இறுக்கிப் பிடிக்கச் சிறு குறடும் இதற்குப் போதும். பையில் கத்தியும் இணைப்பானும் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. இல்லாவிட்டால் அன்று மாலை வரை தண்ணீர் ஓரிடத்திலேயே தேங்கி, வரிசையின் கோடியிலுள்ள செடிகள் வாடும்.

மரவள்ளிக்கு வருவோம். சின்னசேலம் பக்கத்திலும் கல்வராயன் மலையிலும் இது பலருக்கு வாழ்வளிக்கும் பயிர். நோயற்ற தண்டின் நடுப்பகுதியிலிருந்து, 8 முதல் 10 கணுக்கள் உள்ளதாக, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் கரணை வெட்ட வேண்டும் என்பது வேளாண்மை நிபுணர்களின் யோசனை. வெட்டுவாய் நசுங்காமலும் பட்டை உரியாமலும் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கரணைகளை வெட்ட வேண்டிய இந்த வேலைக்குப் பைக்கத்தி சற்றும் உதவாது. கை நோகும்; வெட்டு நசுங்கும். இதற்குக் கனமான கூரிய கத்தியோ, நுண்பல் ரம்பமோதான் வேண்டும். அடிக்கடி செய்யும் வேலையாயினும், கனமான வேலைக்குத் தனிக் கருவி என்பதை இது காட்டுகிறது.

மற்றும் பல சிறு வேலைகள் உண்டு. மூட்டையின் தையலைப் பிரிக்க வேண்டும். வேலிக் கம்பியை முறுக்க வேண்டும். சீமைக் கருவேல முள்ளைக் காலிலிருந்து எடுக்க வேண்டும். மேய்ச்சலில் கட்டிய கன்று கயிற்றில் கழுத்தைச் சிக்கவைத்துக்கொண்டு துடிக்கும். அந்நேரத்தில் முடிச்சை அவிழ்க்க முயல்வது வீண். கயிற்றை அறுக்க வேண்டும். அதற்குரிய கத்தி வீட்டுக் கூரையில் செருகியிருந்தால் என்ன பயன்?

கையெடுக்க வேண்டிய இடங்கள்

பயனைச் சொன்னேன், இனி ஆபத்தைச் சொல்லுகிறேன். இந்தப் பகுதியைத் தயவுசெய்து ஊன்றிக் கேளுங்கள்.

முதலாவது, மின்சாரம். கிணற்று மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரம் சுமார் 415 வோல்ட் அழுத்தமுள்ளது. பைக்கருவியின் பிடி வெறும் இரும்பு. அதில் மின்காப்பு இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, பைக்குறட்டினால் பியூஸ் கம்பியைத் திருக முற்படுகிறவர், தம் கையாலேயே மின்கம்பியைப் பற்றுகிறவருக்குச் சமம். ஈரத் தரையில், வெறுங்காலோடு நின்று இதைச் செய்வது பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. குறடு பையில் இருப்பதனாலேயே இந்தத் துணிவு வருகிறது என்பதை நாம் மறக்கலாகாது. குறடு இல்லாதவர் மின்பணியாளரை அழைப்பார். குறடு உள்ளவர் தாமே கைவைப்பார். ஆகவே, "இந்தக் கருவி மின்சாரத்தைத் தொடாது" என்பதை முதல் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். மின்வேலைக்கு 1,000 வோல்ட் வரை தாங்கும் என்று குறித்த மின்காப்புப் பிடி உள்ள குறடும் திருப்புளியும் தனியே உண்டு. அவையும், மெயினை நிறுத்திய பிறகு, தொழில் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டியவை.

இரண்டாவது, பாம்புக்கடி. கடிவாயைக் கத்தியால் கீறி இரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே இன்னும் முற்றிலும் மறையவில்லை. பையில் கத்தி வைத்திருப்பவருக்கு இந்த எண்ணம் விரைந்து தோன்றும். இது பெருந்தவறு. கீறுவதால் விஷம் வெளியேறாது. கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இரத்தம் உறையும் தன்மையே கெட்டுப்போகக் கூடும். கீறிய இடத்திலிருந்து இரத்தம் நில்லாமல் ஒழுகும். இறுக்கமாகக் கட்டுப் போடுவதும் தீமை. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, மோதிரம், கொலுசு முதலியவற்றைக் கழற்றி, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, 108 வண்டியை அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் ஒரே மருந்து பயன்படுகிறது. ஆதலால் பாம்பை அடித்துக் கொண்டுவரும் வேலையும் வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டதை நினைவில் கொள்ளுங்கள். அந்த வேளையில் கத்தி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மூன்றாவது, பூச்சிமருந்து. மருந்துப் பொட்டலத்தை அறுத்த அதே கத்தியால் கொய்யாவையோ வெள்ளரியையோ அரிந்து தின்கிறவர்கள் உண்டு. மருந்து தொட்ட கத்தி உணவைத் தொடக்கூடாது. பொட்டலம் அறுக்க ஒரு சிறு கத்தரிக்கோலை மருந்துப் பெட்டியோடு கட்டி வைத்துவிடுவது நல்லது. தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டால் ஊசியையோ கம்பியையோ விட்டுக் குத்தக் கூடாது. துவாரம் பெரிதாகி, மருந்து ஒரு சீராக விழாமல் போகும். வாயால் ஊதுவது அதைவிடக் கேடு. கையுறை அணிந்து, தண்ணீரில் அலசி, மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும்.

நான்காவது, கத்தி தானே மடங்கிக்கொள்ளும் ஆபத்து. விலை குறைந்த பல கருவிகளில், விரித்த கத்தி அசையாமல் நிற்கும்படியான பூட்டு இல்லை. அழுத்திக் குத்தும்போது அது பின்னோக்கி மடங்கி விரலை வெட்டும். மண்ணும் துருவும் பட்ட இரும்பால் காயம் ஏற்பட்டால், கழுவிக் கட்டியதோடு நில்லாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மருத்துவர் சொன்னபடி ரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

சமவெளியும் மலையும்

இரண்டாவது விதியை இப்பொழுது நினைவுபடுத்திக்கொள்வோம். கருவியின் மதிப்பு, பெட்டியின் தூரத்தைப் பொறுத்தது என்றேன்.

சமவெளியில் வயலுக்கும் வீட்டுக்கும் இடையே நடைதூரந்தான். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம் போன்ற ஊர்களில் இரும்புக் கடைகளும் பழுதுபார்க்கும் கடைகளும் இருக்கின்றன. இங்கே பல கருவிகளைப் பையில் சுமப்பதால் வரும் லாபம் சொற்பம். நல்ல மடக்குக் கத்தி ஒன்று போதும்.

கல்வராயன் மலையில் நிலைமை வேறு. அங்கே குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று தொலைவில், சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடக்கின்றன. தாலுகாவின் தலைமையிடமாகிய வெள்ளிமலைக்கு வருவதே பலருக்கு ஒரு பிரயாணம். கச்சிராயபாளையத்திற்கு இறங்குவது ஒரு நாள் வேலை. சாமைக் கொல்லையிலோ, கடுக்காயும் புளியும் தேனும் சேகரிக்கும் காட்டிலோ இருக்கும் மலையாளிப் பெருமகனுக்கு, இடுப்பில் உள்ள கொடுவாளே முதற்கருவி. அந்தக் கொடுவாள் செய்யும் வேலையை எந்தப் பைக்கருவியும் செய்யாது. புதரை அரிக்கவும், விறகு வெட்டவும், வழி உண்டாக்கவும் அதுதான் வேண்டும். ஆனால், கொடுவாளால் ஒரு திருகைக் கழற்ற முடியாது. சூடான பாத்திரத்தைப் பிடிக்க முடியாது. காலில் முறிந்த முள்ளை எடுக்க முடியாது. மோட்டார் சைக்கிளின் கம்பி மலைவளைவில் தளர்ந்துவிட்டால், சிறு குறடு கையிலிருப்பவர் வீடு சேருவார். இல்லாதவர் இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். ஆகவே, குறடு சேர்ந்த பைக்கருவி ஒன்று உண்மையாகவே விலைக்குத் தக்க பயன் தருமிடம் மலைதான் என்பது என் அபிப்பிராயம். படைவீரனுக்கும் பிரயாணிக்கும் பிறந்த கருவி, மலைவாசிக்குப் பொருந்துவதில் வியப்பில்லை.

இங்கே தாய்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "சட்டைப் பை" என்று நாம் பேசிக்கொண்டே போகிறோம். களை எடுப்பதும், நாற்று நடுவதும், ஆடு மேய்ப்பதும், சுள்ளி பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் உடையில் பை ஏது? அதனாலேயே கருவி வாங்கும் யோசனை ஆண்களோடு நின்றுவிடுகிறது. இடுப்பில் செருகும் சுருக்குப்பை நம் பாட்டிமார் கண்ட சாதனம். அதில் ஒரு சிறு மடக்குக் கத்தியும் முள்வாங்கியும் இருந்தால், வீட்டிலே மற்ற எவரையும் விட அவர்களுக்கே அவை அதிகமாகப் பயன்படும்.

விலையும் பராமரிப்பும்

பெயர்பெற்ற வெளிநாட்டுக் கருவிகளின் விலை பல ஆயிரம் ரூபாய். சில நூறு ரூபாய்க்கு அதே உருவத்தில் கிடைப்பவையும் உண்டு. ஆனால் உருவம் ஒன்றாயிருப்பதால் உருக்கும் ஒன்றாகிவிடாது. வாங்கும்முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். குறட்டின் வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனிகள் நேராகச் சேர வேண்டும். கத்தியை விரித்துப் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பூட்டைப் போட்டு, கத்தியின் முதுகை மரத்தில் இலேசாகத் தட்டுங்கள். பூட்டு விடக் கூடாது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அது பணத்திற்கு நஷ்டம், விரலுக்கு அபாயம்.

அதே பணத்தில் வேறு என்ன வாங்கலாம் என்றும் எண்ணிப் பாருங்கள். ஒரு நல்ல குறடு, இரண்டு திருப்புளி, சில ஸ்பானர்கள், ஓர் அரம் ஆகியவை அடங்கிய தகரப் பெட்டியை, பெயர்பெற்ற ஒரு பைக்கருவியின் விலைக்குள் நம் ஊர்க் கடையிலேயே வாங்கிவிடலாம். அவை ஒவ்வொன்றும் பைக்கருவியைவிட வலுவாக உழைக்கும். நம் கொல்லர்கள், லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சி அடித்து அரிவாளும் கொடுவாளும் செய்கிறார்கள். அந்த உருக்கு கடினமானது. நன்கு கூர் நிற்கும். பிடி உடைந்தால் அவர்களே மாற்றித் தருவார்கள். வெளிநாட்டுக் கருவியின் ஒரு சிறு வில் உடைந்தால் நம் வட்டாரத்தில் அதைச் செப்பனிடுவார் யார்? மரச்சிற்பத்திற்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மாவட்டம் நம்முடையது. அந்தச் சிற்பிகள் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் உளியை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பல உளிகளை ஒன்றாக்கிக் கொள்ளவில்லை. நுட்பமான வேலைக்குத் தனிக் கருவிதான் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எந்தக் கருவியானாலும் பராமரிப்பின்றிப் பயன் தராது. மண்ணைத் தட்டி, ஈரத்தைத் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மாதம் ஒரு முறை சாணை பிடித்து வைக்க வேண்டும். மழுங்கிய கத்தியே அதிகமாக வெட்டும் என்பது அனுபவ உண்மை. ஏனென்றால் அதை அளவுக்கு மீறி அழுத்துகிறோம், அது வழுக்கிவிடுகிறது.

சட்டத்தையும் அறிந்திருப்பது நலம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள கூரிய ஆயுதங்களைத் தனி வகையில் சேர்த்திருக்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்திற்கும் உரிய கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. பைக்கத்தி இந்த அளவுக்கு மிகவும் சிறியது. ஆயினும், நீதிமன்றம், வாக்குச் சாவடி, பள்ளிக்கூடம், திருவிழாக் கூட்டம் ஆகிய இடங்களுக்கு அதை எடுத்துச் செல்லாதிருப்பதே மரியாதை. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக அனுமதியில்லை. பிள்ளைகள் கையில் விளையாட்டுப் பொருளாக அது சேரவும் கூடாது.

பஞ்சாயத்து என்ன செய்யலாம்?

கடைசியாகப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு விஷயம். கைப்பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் பெருவாரியாகப் போட்ட இந்தியா மார்க்-2 என்னும் பம்பு, 1970-களில் யுனிசெஃப் துணையோடு உருவானது. உறுதியானது, ஆனால் உள்ளே தேய்ந்த வாஷரை மாற்ற, கிணற்றுக்குள் இருக்கும் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். அதற்கு ஆட்களும், தனிக் கருவிகளும், வண்டியும் வந்து சேரும்வரை ஊர் தண்ணீரின்றித் தவிக்கும். கோயம்புத்தூர் வட்டாரத்தில் 1980-களில் நடந்த சோதனைகளின் பயனாக இந்தியா மார்க்-3 பம்பு உருவாயிற்று. அதில் குழாயை அகலமாக்கி, தண்டுகளை மட்டும் மேலே இழுத்து வாஷரை மாற்றும்படி செய்தார்கள். சில கருவிகளோடு ஊராரே பழுதுபார்க்கக் கூடிய நிலை ஏற்பட்டது. இங்கே கருவியைப் பெரிதாக்கவில்லை. வேலையைக் கருவிக்கு எட்டும்படி எளிதாக்கினார்கள். ஊருக்குப் பொதுவான இயந்திரம் எதை வாங்கினாலும், "இதைப் பழுதுபார்க்க என்ன கருவி வேண்டும்? அது நம் ஊரில் இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தபடியாக, ஒவ்வொரு குடியிருப்பிலும் பொதுக் கருவிப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். குழாய் ரிஞ்சு, ஸ்பானர் தொகுதி, இரும்பறுக்கும் ரம்பம், சுத்தியல், மின்காப்புக் குறடு, நல்ல கயிறு, கைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். பெட்டியைக் குடிநீர்த் தொட்டி இயக்குபவரிடமோ, மகளிர் சுய உதவிக் குழுவிடமோ ஒப்படைத்து, எடுப்பவர் பெயரையும் திருப்பித் தந்த நாளையும் எழுத ஒரு பதிவேடு வைக்கலாம். கல்வராயன் மலைப் பஞ்சாயத்துகளுக்கு இது மிகவும் அவசியம். அங்கே பெட்டி தலைமைக் கிராமத்தில் மட்டும் இருந்தால் போதாது, தொலைவிலுள்ள குடியிருப்புகளிலும் இருக்க வேண்டும். ஏர், உழுவை, விசைத்தெளிப்பான் முதலிய பெரிய கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை மையங்கள் இருக்கின்றன. சிறிய கருவிகளைப் பற்றித்தான் யாரும் கவலை கொள்வதில்லை.

நண்பர்களே! வாங்குவதா, வேண்டாமா என்று தீர்மானிக்க உங்களுக்கு ஒரு வழி சொல்லுகிறேன். ஒரு மாத காலம் ஒரு சிறு குறிப்பேட்டில் கணக்கு எழுதுங்கள். வயலில் எந்தக் கருவி இல்லாமல் வேலை நின்றது, அதற்காக எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று அன்றன்று குறித்து வாருங்கள். மாத முடிவில் அந்தக் கணக்கே உங்களுக்கு விடை சொல்லும். பெரும்பாலோருக்குப் பூட்டுள்ள மடக்குக் கத்தி ஒன்றும் முள்வாங்கி ஒன்றும் போதும் என்றே அது சொல்லும் என்று நினைக்கிறேன். மலையில் வாழ்வோருக்கும், நெடுந்தூரம் வண்டியில் செல்வோருக்கும் குறடு சேர்ந்த கருவி வேண்டும் என்று சொல்லலாம். கனமான வேலைக்குரிய கருவிகள் வீட்டிலும், பொதுவேலைக்குரியவை பஞ்சாயத்திலும் இருக்கட்டும். பையில் சிறு கருவி, வீட்டில் பெட்டி, ஊரில் பொதுக் கருவி என்ற இந்த மூன்றும் அமைந்துவிட்டால், வேலையும் தடைப்படாது, உயிருக்கும் ஆபத்து நேராது.